நேரம் பணமாகுமா? – கேள்வி பதில்

நேரத்தைப் பணமாக எண்ணலாமா, எண்ணினால் கணக்கு எங்கே சரியாக வரும், எங்கே உதைக்கும் என்பது பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் கீழே. சம்பளம், சீட்டு, தண்டல், நேர வங்கி எல்லாமே இதில் வருகின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (கல்லூரி மாணவி, திருச்சி): 'காலம் பொன் போன்றது'ன்னு ஸ்கூல் சுவர்லயே எழுதியிருப்பாங்க. பொருளாதாரப் பாடத்தின்படி நேரத்தைப் பணம்னு சொல்லலாமா சார்?

பதில்: அப்படியே சொல்ல முடியாதும்மா. பணம் செய்யும் வேலைகள் மூன்று: விலையை அளக்கும் அலகாக இருப்பது, கைமாறுவது, சேமிப்பாகத் தங்குவது. இந்த மூன்றையும் நேரத்துக்கு வைத்துப் பாருங்கள்.

அளவுகோலாக நேரம் நன்றாகவே வேலை செய்யும். "இந்தக் கதவு இரண்டு ஆள், ஒரு நாள் வேலை" என்று தச்சர் சொன்னால் எல்லோருக்கும் புரிகிறது. கைமாறுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. என் ஒரு மணி நேரத்தை உங்களிடம் எடுத்துக் கொடுக்க முடியாது. அந்த நேரத்தில் வேலை செய்து தரலாம், அல்லது செய்து தருவதாக வாக்குக் கொடுக்கலாம், அவ்வளவுதான். சேமிப்பில் நேரம் முழுத் தோல்வி. பொன்னை லாக்கரில் வைக்கலாம். இன்று மதியம் 3 மணியை எதிலும் வைக்க முடியாது.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1748-ல் இளம் வணிகர்களுக்கு எழுதிய அறிவுரையில் 'நேரம்தான் பணம்' என்றபோது சொன்ன கணக்கு வேறு. நாளுக்கு 10 ஷில்லிங் சம்பாதிக்கக்கூடியவர் அரை நாள் சும்மா இருந்தால், அந்தப் பொழுதில் 6 பென்ஸ்தான் செலவு செய்திருந்தாலும், வராமல் போன 5 ஷில்லிங்கையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றார். இது இழந்த வருமானத்தின் கணக்கு. அதை வைத்து நேரத்துக்குப் பணத்தின் குணங்கள் உண்டு என்று சொல்லிவிட முடியாது.

பணமாகக்கூடியது நேரத்துக்கான வாக்கு. "உனக்கு நான் இரண்டு மணி நேரம் கடன்பட்டிருக்கிறேன்" என்பதை எழுதி வைத்து, அந்த எழுத்தை மூன்றாம் மனிதரும் ஏற்றுக்கொண்டால் அது பணம் போல நடக்கத் தொடங்கிவிடும். அதனால் கீழே எந்தக் கேள்வி வந்தாலும் நான் முதலில் பார்ப்பது, வாக்கை யார் கொடுக்கிறார், யார் காப்பாற்றுகிறார் என்பதைத்தான்.

கேள்வி (ஆலை ஊழியர், அம்பத்தூர்): மாசம் 30,000 சம்பளம், 26 நாள், 8 மணி நேர ஷிப்ட். என் ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை சார்? வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கணும். ஆள் வைக்கலாமா, நானே அடிக்கலாமா?

பதில்: 26 நாளை 8-ஆல் பெருக்கினால் 208 மணி. 30,000-ஐ அதால் வகுத்தால் மணிக்கு 144 ரூபாய். இது கம்பெனி பார்க்கும் கணக்கு. உங்கள் கணக்கில் போக வர ஆகும் நேரமும் சேர வேண்டும். அது தினம் 2 மணி என்றால் மாதம் 260 மணி ஆகிறது. பஸ், டீ, வெளிச்சாப்பாடு என்று வேலைக்காக மட்டும் ஆகும் செலவு 3,000 என்று வைத்தால் கையில் நிற்பது 27,000. அப்போது மணிக்கு 104 ரூபாய்தான்.

பெயிண்ட் வேலைக்கு ஆள் கூலி நாளுக்கு 1,000 என்றும், அவர் 2 நாளில் முடிப்பார் என்றும் வைப்போம். பழக்கமில்லாத நீங்கள் 4 நாள், ஆக 32 மணி நேரம் எடுப்பீர்கள். மிச்சமாகும் 2,000-ஐ 32-ஆல் வகுத்தால் மணிக்கு 62 ரூபாய் 50 காசு. 104-ஐவிடக் குறைவு, அதனால் ஆள் வைத்துவிடலாம் என்று இங்கே பலரும் முடிவு கட்டிவிடுவார்கள். அந்த முடிவு தவறு. ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரத்தை 104 ரூபாய்க்கு வாங்க யாராவது இருந்தால்தான் அந்த ஒப்பீடு செல்லும். ஓவர்டைம் கிடைக்காத நாளில் அந்த மணிக்குச் சந்தை விலை பூஜ்யம். அப்போது 62 ரூபாய் 50 காசு வேண்டுமா, ஓய்வு வேண்டுமா என்பதே கேள்வி. அதற்கு விடை உங்கள் உடம்புக்குத்தான் தெரியும்.

அந்த நாட்களில் ஓவர்டைம் கிடைக்குமென்றால் கணக்கு தலைகீழாகிவிடும். நாளுக்கு 9 மணி அல்லது வாரத்துக்கு 48 மணியைத் தாண்டிய வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வைத்தது. 144-ன் இரட்டிப்பு 288. அப்போது பெயிண்டரைக் கூப்பிடுங்கள். எல்லா மணியும் ஒரே எடை இல்லை என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது, கவனியுங்கள். களைத்த உடம்பின் பத்தாவது மணி முதல் மணியைவிட விலை கூடியது.

கேள்வி (குடியிருப்போர் சங்கச் செயலாளர், கோவை): எங்க அபார்ட்மென்ட்ல 40 வீடு. பாதிக்கு மேல வயசானவங்க, பிள்ளைங்க வெளியூர்ல. ஒருத்தருக்கொருத்தர் செய்யற உதவியை மணிக்கணக்குல எழுதி 'நேர வங்கி' மாதிரி நடத்தலாம்னு பேச்சு. எப்படித் தொடங்கறதுங்க?

பதில்: நல்ல அளவுங்க. 15 வீட்டுக்குக் குறைந்தால் கேட்ட உதவியைச் செய்ய ஆள் கிடைக்காது. 40 வீடு என்றால் ஒரே எக்செல் தாளில் நடத்திவிடலாம், தனி ஆப் தேவையில்லை.

அலகை அரை மணி என்று வையுங்கள். 20 நிமிடம் ஆனாலும் அரை மணி, 40 நிமிடம் ஆனால் ஒரு மணி. வளாகத்துக்குள் நடந்து வரும் நேரத்தைச் சேர்க்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனால் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பும் வரை முழுவதும் கணக்கு. இதை முதல் நாளே எழுதி வைக்காவிட்டால் முதல் சண்டை இதில்தான் வரும்.

எல்லோரும் பூஜ்யத்தில் தொடங்கட்டும். கூப்பன் அச்சடிக்க வேண்டாம். உதவி செய்தவர் கணக்கில் கூட்டல், பெற்றவர் கணக்கில் அதே அளவு கழித்தல். மொய் நோட்டு எழுதுவது போலத்தான், ஒரு வித்தியாசம்: மொய்யில் எழுதியவருக்கே திருப்பிச் செய்ய வேண்டும், இங்கே யாருக்கு வேண்டுமானாலும் திருப்பிச் செய்யலாம். மாதக் கடைசியில் எல்லாக் கணக்கையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். வரவில்லை என்றால் யாரோ ஒரு பக்கம் மட்டும் பதிந்திருக்கிறார்கள்.

கழித்தலுக்கு 10 மணி, கூட்டலுக்கு 20 மணி என்று எல்லை கட்டுங்கள். 20-ஐத் தாண்டியவர் உதவி கேட்க வேண்டும் அல்லது மிகுதியைப் பொதுக் கணக்கில் விட வேண்டும். படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்கு அந்தப் பொதுக் கணக்கிலிருந்து கொடுங்கள்.

ஒருங்கிணைப்பாளர் ஒருவர் கட்டாயம் தேவை, அவருக்கும் மணி கொடுக்க வேண்டும். வீட்டுக்குக் காலாண்டுக்கு ஒரு மணி என்று பிடித்தால் ஆண்டுக்கு 160 மணி, வாரத்துக்குச் சுமார் 3 மணி வரும். 40 வீட்டுக்கு அது போதும். சும்மா செய்யச் சொன்னால் ஆறு மாதத்தில் அவர் சலித்துவிடுவார், அதோடு ஏடும் நின்றுவிடும். பொதுவாக நேர வங்கிகள் படுப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

சேவைப் பட்டியலில் இரண்டு பத்தி இருக்கட்டும்: என்ன செய்ய முடியும், என்ன வேண்டும். இரண்டாவது பத்தி நிரம்பாத வீட்டைச் சேர்க்காதீர்கள். ஊசி போடுவது, மெயின் லைன் மின்வேலை, ஏடிஎம் அட்டையை வாங்கிப் பணம் எடுத்து வருவது, இவை மூன்றும் பட்டியலில் கூடாது. ஒரு வீட்டுக்கு உதவிக்குப் போகும்போது முதல் இரண்டு முறை இருவராகப் போகட்டும்.

கேள்வி (அதே செயலாளர்): பட்டியல்ல எல்லாரும் 'செய்யறேன்'னுதான் எழுதறாங்க. 'வேணும்'னு கேக்க யாரும் வரலீங்க. இது தானா சரியாகுமா?

பதில்: தானாகச் சரியாகாதுங்க. நேர வங்கிகளைப் பற்றி எழுதியவர்கள் பலரும் குறிப்பிடும் நோய் இது. கேட்பது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறார்கள். கூட்டுத்தொகை பூஜ்யமாக இருக்கும் ஏட்டில் எல்லோரும் கூட்டலில் இருக்கவே முடியாது. ஒருவர் கழித்தலுக்குப் போனால்தான் இன்னொருவருக்குக் கூட்டல் பிறக்கும். அப்படிப் போகிறவர்தான் வங்கிக்குப் பணத்தை உண்டாக்குகிறார். கூட்டத்தில் இதை உரக்கச் சொல்லுங்கள்.

வாஷிங்டனில் கேபிடல் ஹில் பகுதிக் குழந்தைப் பராமரிப்புக் கூட்டுறவுக்கு நேர்ந்ததைப் படித்துப் பாருங்கள். சுமார் 150 தம்பதிகள் மாறி மாறி ஒருவர் பிள்ளையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அரை மணிக்கு ஒரு கூப்பன் சீட்டு. 'பின்னால் தேவைப்படும்' என்று ஒவ்வொருவரும் சீட்டைச் சேர்த்து வைக்க, வெளியே போகிறவர்கள் குறைந்தார்கள். வெளியே போகிறவர் குறைய, பிள்ளை பார்த்துச் சீட்டுச் சம்பாதிக்கும் வாய்ப்பும் குறைந்தது. ஆளுக்குக் குறைவில்லை, நேரத்துக்குக் குறைவில்லை, சீட்டு மட்டும் போதவில்லை. 'வெளியே போயே ஆக வேண்டும்' என்று விதி போட்டும் பார்த்தார்கள், பலன் இல்லை. கூடுதல் சீட்டுக் கொடுத்ததும் எல்லாம் நகரத் தொடங்கியது. பிறகு சீட்டு மிதமிஞ்சிப் போய், பிள்ளை பார்க்க ஆள் கிடைக்காத நிலை வந்தது. ஜோன் ஸ்வீனி, ரிச்சர்ட் ஸ்வீனி தம்பதி 1977-ல் இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். ஒரு நாட்டின் மந்தத்தையும் விலைவாசி ஏற்றத்தையும் ஒரு தெருவில் வைத்துக் காட்டுகிறது அது.

உங்களுக்கு மருந்து இதுதான். முதல் மாதம் ஒவ்வொரு வீடும் குறைந்தது ஒரு மணி உதவி பெற்றே ஆக வேண்டும் என்று வையுங்கள். சங்கச் செயலாளரான நீங்களே முதலில் கேளுங்கள். பரண் சுத்தம் செய்ய, செல்போனில் கரன்ட் பில் கட்டக் கற்றுக்கொள்ள, எதுவானாலும் சரி. ஒருங்கிணைப்பாளர் வாரம் ஐந்து வீட்டுக்குப் போன் செய்து "என்ன வேண்டும்?" என்று கேட்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் பொதுவாகக் கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கேள்வி (பிளம்பர், சேலம்): எங்க ஏரியாவுலயும் இந்த மாதிரி பேசறாங்கண்ணா. நான் ஒரு மணி நேரம் பைப் லைன் பார்க்கறதும், ஒருத்தர் ஒரு மணி நேரம் செடிக்குத் தண்ணி ஊத்தறதும் ஒண்ணாங்க?

பதில்: உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கு தம்பி. உங்கள் ஒரு மணிக்குப் பின்னால் தொழில் கற்ற ஆண்டுகள் இருக்கின்றன, குழாய் ரெஞ்சு, கட்டர் வாங்கிய காசு இருக்கிறது.

இதில் இடறி விழுந்த பெரிய முயற்சி பிரிட்டிஷ் சமூகச் சீர்திருத்தவாதி ராபர்ட் ஓவனுடையது. 1832-ல் லண்டன் கிரேஸ் இன் சாலையில் உழைப்புப் பரிமாற்றச் சந்தை ஒன்றைத் தொடங்கினார். பொருளைக் கொண்டு வந்தால் மூலப்பொருள் செலவோடு உழைத்த மணிக்கு 6 பென்ஸ் வீதம் சேர்த்து மதிப்பிட்டு, அதற்கு உழைப்பு நோட்டுக் கொடுத்தார்கள். வெளிச்சந்தையைவிட மலிவாக மதிப்பிடப்பட்ட பொருள் உடனே காலியானது. கூடுதலாக மதிப்பிடப்பட்டது அலமாரியிலேயே தங்கியது. கடைசியில் நோட்டுக்குப் பின்னால் நின்றது யாருக்கும் வேண்டாத சரக்கு. 1834-ல் மூடினார்கள். எத்தனை மணி உழைத்தோம் என்பது மட்டும் பொருளுக்கு விலையாகாது. வாங்குகிறவருக்கு அது வேண்டும் என்பதும் சேர வேண்டும்.

நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா நகரில் 1991-ல் தொடங்கிய 'அவர்ஸ்' (மணிகள்) நோட்டு வேறு வழி எடுத்தது. ஒரு நோட்டு 10 டாலர் மதிப்பு. அந்த வட்டாரத்தின் சராசரி மணிக்கூலியை ஒட்டி வைத்தது. தேர்ந்த தொழிலாளர் ஒரு மணிக்கு ஒன்றுக்கு மேல் கேட்கலாம். அதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. 10 டாலர் என்று கட்டியபின் அது நேரக் கணக்கு இல்லை, டாலரின் நிழல்.

உங்களுக்கு நான் சொல்வது: பிழைப்புத் தொழிலை மணிக்கு மணி வைக்காதீர்கள். குழாய் வேலைக்கு ரூபாய் வாங்குங்கள். நேர ஏட்டில் உங்கள் தொழில் அல்லாத உதவியைப் பதியுங்கள்: வண்டியில் கூட்டிப் போவது, கனமான பீரோ நகர்த்துவது. தொழிலையே கொடுக்க மனமிருந்தால், ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றுவது போன்ற அரை மணி வேலையோடு நிறுத்துங்கள். வாஷர், டேப், பைப் விலை கட்டாயம் ரூபாயில். சாமானை மணிக்கு மாற்றிய ஏடு எதுவும் உருப்படாது.

கேள்வி (இல்லத்தரசி, மதுரை): ஏலச் சீட்டுல முதல் மாசமே தள்ளி எடுக்கறவங்க 25,000 வரைக்கும் விட்டுக் கொடுக்கறாங்க. அது எதுக்கான விலைங்க? வட்டின்னு எடுத்துக்கலாமா?

பதில்: அது நேரத்துக்கான விலையேதான் அம்மா. உங்கள் சீட்டுக் கணக்கு நோட்டு இருக்கிறதே, நேரம் பணத்தோடு நேருக்கு நேர் மோதுவதை அதில் பார்ப்பது போல வேறெங்கும் பார்க்க முடியாது.

20 பேர், மாதம் 5,000, சீட்டு 1 லட்சம் என்று வைப்போம். முதல் ஏலத்தில் ஒருவர் 25,000 தள்ளி 75,000 எடுக்கிறார். தள்ளிய 25,000-ல் சீட்டு நடத்துபவரின் கமிஷன் 5,000. மீதி 20,000-ஐ 20 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,000 கழிவு. ஆக அந்த மாதம் ஆளுக்குக் கட்ட வேண்டியது 4,000. போகப் போகத் தள்ளுவது சீராகக் குறைந்து கடைசி மாதம் கமிஷன் மட்டும் மிஞ்சும் என்று எடுத்துக்கொண்டால், 20 மாதத்தில் ஒவ்வொருவரும் கட்டும் மொத்தம் 90,000.

முதலில் எடுத்தவர் 75,000 வாங்கி அந்த மாதமே 4,000 கட்டிவிட்டார். ஆக கையில் 71,000. அடுத்த 19 மாதத்தில் 86,000 கட்டுகிறார். வட்டி மாதத்துக்கு நூற்றுக்குச் சுமார் 1.9, ஆண்டுக்கு 23 பக்கம். கடைசியில் எடுப்பவர் 90,000 கட்டி 95,000 வாங்குகிறார். அவருக்குக் கிடைப்பது மாதம் நூற்றுக்கு 0.6, ஆண்டுக்கு 7 பக்கம். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் கமிஷனுக்கும் நடுவில் எடுத்தவர்களுக்கும் போகிறது. ஒரே 1 லட்சம்தான். முதல் மாதம் அதற்கு 75,000, கடைசி மாதம் 95,000. மாறியது நேரம் மட்டும்.

அதனால் அவசரம் இல்லாதவர் பள்ளிக் கட்டணம் கட்டும் சமயத்திலும் தீபாவளிக்கு முன்னாலும் ஏலத்தில் வாய் திறக்காமல் இருப்பது நல்லது. அப்போது மற்றவர்களின் அவசரம் உங்கள் கழிவைக் கூட்டும். எடுக்க வேண்டியவர் அந்த மாதங்களைத் தாண்டி எடுத்தால் இழப்புக் குறையும். 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவான சீட்டா என்று பாருங்கள். கமிஷன் உச்சவரம்பு 2019 திருத்தத்துக்குப் பின் 7 சதவீதம். பதிவில்லாத சீட்டில் கடைசியாக எடுக்கிறேன் என்று காத்திருப்பவர்தான் அதிகம் இழப்பார், ஏனென்றால் அவர் கையில் இருப்பது முழுக்க முழுக்க வாக்கு மட்டும்.

கேள்வி (காய்கறி வியாபாரி, திண்டுக்கல்): தண்டல்ல 10,000 வாங்குனா கையில 9,000 தர்றாங்க. தினம் 100 வீதம் 100 நாள். பத்து பர்சன்ட் வட்டின்னு சொல்றாங்க. சரிதானுங்களா?

பதில்: சரியில்லைங்க. உங்கள் கைக்கு வந்தது 9,000, எனவே 1,000 என்பது பத்தைவிடக் கூட. அதைவிடப் பெரிய ஓட்டை நேரத்தில் இருக்கிறது. 9,000 முழுவதும் 100 நாளும் உங்களிடம் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே 100, 100 ஆகத் திரும்பிப் போகிறது. சராசரியாகப் பார்த்தால் ஒவ்வொரு ரூபாயும் உங்களிடம் இருந்தது சுமார் 50 நாள்தான். அதைச் சேர்த்துப் போட்டால் வட்டி நாளுக்கு நூற்றுக்கு 0.21, மாதத்துக்கு 6.4 பக்கம் வருகிறது. ஆண்டுக்கு 75-ஐத் தாண்டும்.

கடன் வாங்கும்போது எத்தனை சதவீதம் என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தப் பணம் எத்தனை நாள் உங்கள் கையில் இருக்கும் என்று கேளுங்கள். தினத் தவணையில் எப்போதும் பாதி நாள் என்று மனக்கணக்குப் போட்டால் போதும், பெரிய தவறு வராது. தமிழ்நாட்டில் மிகைவட்டி வசூலிப்பதைத் தடுக்கும் சட்டம் 2003-லிருந்து இருக்கிறது. மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் வட்டி எல்லாம் அதில் பெயர் சொல்லியே வருகின்றன. மிரட்டல் வந்தால் காவல் நிலையத்தில் அந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டே மனுக் கொடுங்கள்.

கேள்வி (ஐ.டி. ஊழியர், ஓசூர்): 'நோ காஸ்ட் இஎம்ஐ'யில் நேரம் இலவசமா கிடைக்குதே?

பதில்: இல்லை. 24,000 போனை மாதம் 4,000 வீதம் 6 தவணை என்கிறார்கள். அதே போனை ஒரே தடவையில் கட்டினால் 1,500 தள்ளுபடி உண்டு என்றால் உண்மை விலை 22,500. அந்த 1,500 தான் வட்டி, மாதத்துக்கு நூற்றுக்குச் சுமார் 1.9. வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, பிராசஸிங் கட்டணம் இருந்தால் அதற்கு மேல். ரொக்க விலையில் தள்ளுபடி எதுவுமே இல்லை, கட்டணமும் இல்லை என்றால் மட்டும் எடுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அண்ணை, ரீலோட் (போன் ரீசார்ஜ்) போட்டு விட்டு சில்லறைக் கடன் தீர்க்கிற ஆக்கள் இருக்கினம். உதுவும் கதைக்கிற நேரம்தானே? அப்ப நேரம் காசாகிட்டுதா?

பதில்: கிட்டத்தட்ட ஆனது தம்பி, ஆனால் உங்கள் நேரமோ என் நேரமோ இல்லை. அது தொலைபேசிக் கம்பனியின் வாக்கு. 2000-களின் தொடக்கத்தில் உகாண்டா போன்ற நாடுகளில் இது பெரிய அளவில் நடந்தது. நகரத்தில் இருப்பவர் ரீலோட் அட்டை வாங்கி, எண்ணை ஊரிலுள்ள தொலைபேசிக் கடைக்காரருக்கு வாயாலேயே சொல்லுவார். கடைக்காரர் அதைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு, தரகு கழித்து வீட்டாருக்கு ரொக்கம் கொடுப்பார். சின்னத் தொகையாகப் பிரிக்கலாம், சொல்லாலேயே அனுப்பலாம், கம்பனி கட்டாயம் ஏற்கும் என்பதால் அது ஓடியது. தரகு அதிகம், செல்லுபடிக் காலம் உண்டு என்பது குறை. 2007-ல் கென்யாவில் எம்-பெசா என்ற செல்போன் பணச் சேவை வந்ததும் பணத்தையே நேரே அனுப்பும் வழி பிறந்தது.

கேள்வி (முதியோர் சங்க உறுப்பினர், டொராண்டோ): இப்போது உதவி செய்து மணிகளைச் சேர்த்து, எண்பது வயதில் திரும்ப எடுக்கலாம் என்கிறார்களே, நம்பலாமா ஐயா?

பதில்: யார் உறுதி தருகிறார் என்பதைப் பொறுத்தது. ஜப்பானில் மிசுஷிமா தெருகோ என்ற பெண்மணி 1973-ல் ஒசாகாவில் தொண்டு உழைப்பு வங்கி தொடங்கினார். 1990-களில் 'ஃபுரெஆய் கிப்பு' என்ற முறை பரவியது. முதியோருக்கு உதவி மணிகளைச் சேர்த்து, வேறு ஊரில் இருக்கும் தாய் தகப்பனுக்கு அதைச் செலவிட வழி கண்டார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கடைசி அம்சம் ஆசையைத் தூண்டும்.

இதில் ஒரு நல்ல குணம் உண்டு. விலைவாசி என்ன ஏறினாலும் ஒரு மணி ஒரு மணிதான். 20 ஆண்டுக்கு முன் போட்ட ரூபாய் தேய்ந்துவிடும், மணி தேயாது. ஆனால் அந்த மணியைத் திருப்பித் தர, அப்போது கைகால் நன்றாக உள்ளவர்கள் போதிய அளவில் இருக்க வேண்டும். இன்று 60 வயதுக்காரர்கள் மட்டும் சேர்ந்தால், 20 ஆண்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் எடுக்க வருவார்கள், கொடுக்க ஆள் இருக்காது.

சுவிட்சர்லாந்தின் சங்க்ட் காலன் நகரம் இதைப் புரிந்து செய்திருக்கிறது. ஒருவர் சேர்க்கக்கூடியது அதிகபட்சம் 750 மணி. திட்டம் நின்றுபோனால் நகராட்சியே பொறுப்பேற்கிறது. உங்கள் சங்கத்துக்குப் பின்னால் அப்படி ஒரு நிறுவனம் இல்லை என்றால் இரண்டு, மூன்று ஆண்டுக்குள் செலவழிக்கும் மணிகளை மட்டும் சேருங்கள். முதுமைக்கான காப்பாக இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். 40 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் மூன்றில் ஒரு பங்காவது இருக்கும்படி பாருங்கள்.

கேள்வி (சி.ஏ. மாணவர், சென்னை): நேர வங்கிக் கணக்குக்கு வரி வருமா?

பதில்: இந்திய ஜிஎஸ்டி சட்டம் (2017) ஏழாம் பிரிவில் 'வழங்கல்' என்பதற்குள் பண்டமாற்றும் பரிமாற்றமும் இருக்கின்றன. ஆனால் தொழிலின் போக்கில் நடப்பதாக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது தொழில் இல்லை. ஆடிட்டர் ஒருவர் கணக்கு எழுதிக் கொடுத்து மணி வாங்கினால் கேள்வி எழும். பிளம்பர் தம்பிக்குச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஏட்டில் எங்கேயும் 'ஒரு மணி = இத்தனை ரூபாய்' என்று எழுதாதீர்கள். பதிவான சங்கமாக நடத்தினால் விதிமுறையை ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கேள்வி (கோவைச் செயலாளர், கடைசியாக): ஒருத்தர் வீடு மாறிப் போறார், கணக்குல மைனஸ் 8. இன்னொரு பெரியவர் 15 மணி சேர்த்து வெச்சுட்டுக் காலமாயிட்டார்னா? திட்டமே நின்னு போச்சுன்னா?

பதில்: இதை முதல் நாளே விதியாக எழுதிவிட்டால் பிறகு மனஸ்தாபம் வராதுங்க.

போகிறவர் கழித்தலில் இருந்தால், கிளம்பும் முன் வேலை செய்து தீர்க்க ஒரு மாதம் கொடுங்கள். தீராத மிச்சத்தைப் பொதுக் கணக்கு ஏற்கட்டும். எல்லையை 10 மணியில் வைத்தது இதற்காகத்தான். இழப்பு ஒரு வீட்டுக்கு 10 மணியைத் தாண்டாது. கூட்டலில் இருப்பவர் தன் மணிகளை யாருக்குத் தர வேண்டும் என்று சேரும்போதே ஒரு பெயர் எழுதிக் கொடுக்கட்டும். எழுதாவிட்டால் பொதுக் கணக்குக்கு.

எக்காரணம் கொண்டும் மணிக்கு ரூபாய் கொடுத்துத் தீர்க்காதீர்கள். ஒருவருக்குக் கொடுத்துவிட்டால் ஏட்டில் உள்ள அத்தனை கூட்டலும் சங்கத்தின் வங்கிக் கணக்கு மேல் கடனாக வந்து உட்காரும்.

திட்டத்தை நிறுத்த நேர்ந்தால் மூன்று மாதம் முன்னால் அறிவியுங்கள். அந்த மூன்று மாதத்தில் கூட்டலில் இருப்பவர்கள் மட்டும் கேட்கலாம், கழித்தலில் இருப்பவர்கள் மட்டும் செய்யலாம். இரண்டு பக்கமும் பூஜ்யத்தை நோக்கி வரும். அதற்குப் பிறகும் நிற்கும் மிச்சத்தைக் கூட்டத்தில் வாசித்து, ஒப்புதல் வாங்கி, இரண்டு பக்கமும் ஒரே நாளில் அடித்துவிடுங்கள். கூட்டுத்தொகை பூஜ்யம் என்பதால் அதற்கு மேல் சங்கம் யாருக்கும் கொடுக்க வேண்டியதும் இருக்காது, வாங்க வேண்டியதும் இருக்காது.